பிறந்த சிசுவுக்கு ஏற்றப்படும் குருதி: தீவகத்துப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

புங்குடுதீவில் ஒரு தாய்க்கு நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் அவ்வீட்டார் முதலில் விசாரிப்பது வாகனத்தைப் பற்றியே ஆகும். வாணர் பாலத்தைக் கடந்து, வேலணையின் ஊடாகப் பண்ணைத் தாம்போதியை அடைந்து, யாழ். போதனா வைத்தியசாலையின் வாயிலைத் தொடுவதற்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் பயணிக்க வேண்டும். நயினாதீவு, நெடுந்தீவு மக்களின் நிலை இதனினும் கடினமானது. அவர்கள் படகேறிக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்த பின்னரே அந்த முப்பது கிலோமீற்றர் ஆரம்பமாகின்றது. காற்றுக் காலத்தில் கடல் பொங்கினால் அதுவும் இல்லை. இத்தகைய பிரதேசத்தில் பிறக்கும் ஒரு சிசுவுக்குக் குருதி ஏற்ற வேண்டிய நிலை ஏற்பட்டால் என்ன நடக்கின்றது, அக்குருதி எவ்வளவு பாதுகாப்பானது, அதனை ஏற்றும் தாதியின் கையில் எவ்வளவு பொறுப்பு தங்கியுள்ளது என்பன குறித்து எமது வாசகர்கள் அறிந்து வைத்திருப்பது அவசியம் என நாம் கருதுகின்றோம்.

நாம் வைத்தியர்கள் அல்லர். பல்கலைக்கழகத்தில் கலைப்பாடங்களைக் கற்றுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவர்கள். எனினும், வைத்தியசாலை விடுதிகளின் வெளி விறாந்தைகளில் கையில் ஒரு துண்டுக் காகிதத்துடன் கலங்கி நிற்கும் தந்தையரைப் பல தடவைகள் கண்டிருக்கின்றோம். 'பிள்ளைக்கு இரத்தம் ஏத்த வேணுமாம்' என்று மட்டுமே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஏன், எவ்வளவு, யாருடைய இரத்தம் என்று கேட்பதற்கு அவர்களுக்கு வார்த்தை வருவதில்லை. கேட்டால் கோபிப்பார்களோ என்ற தயக்கமும் உண்டு. அந்த வார்த்தைகளை அவர்களுக்குக் கொடுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு. நிறைமாதத்தில் 3 கிலோகிராம் நிறையுடன் பிறந்த சிசுவின் உடலிலோ 250 மில்லிலீற்றர் அளவே உண்டு. குறைமாதத்தில் 1 கிலோகிராம் நிறையுடன் பிறந்த சிசுவுக்கு 80 முதல் 100 மில்லிலீற்றர் வரை மாத்திரமே இருக்கும். நாம் காலையில் அருந்தும் ஒரு சிறு கோப்பைத் தேநீரின் அளவு அது. அத்தகைய சிசுவிடமிருந்து பரிசோதனைக்காக ஒரே ஒரு மில்லிலீற்றர் குருதியை எடுப்பது, வளர்ந்த ஒருவரிடமிருந்து ஐம்பது மில்லிலீற்றருக்கு மேல் எடுப்பதற்குச் சமமானது. ஆகவேதான் குறைமாதச் சிசுக்களுக்குக் குருதி ஏற்ற நேர்வதற்கான காரணங்களுள், அவர்களது நோயை அறிவதற்காகத் திரும்பத் திரும்பக் குருதி எடுக்கப்படுவதும் ஒன்றாக இருக்கின்றது. அனுபவம் மிக்க தாதி ஒருவர், ஒரே தடவையில் எடுத்த சில துளிகளைக் கொண்டு இரண்டு மூன்று பரிசோதனைகளைச் செய்விக்க முயல்வார். எடுத்த ஒவ்வொரு துளியையும் குறித்தும் வைப்பார். வெளியார் கண்ணுக்கு இது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கஞ்சத்தனத்தினால் ஒரு குருதியேற்றம் தவிர்க்கப்படலாம்.

பிரசவ வேளையிலேயே செய்யக்கூடிய மற்றொரு காரியமும் உண்டு. குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியை உடனே இறுக்கி வெட்டாமல், குழந்தையின் நிலை இடங்கொடுக்குமாயின், ஒன்று முதல் மூன்று நிமிடங்கள் வரை பொறுத்திருக்குமாறு உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரை செய்கின்றது. அந்தச் சில நிமிடங்களில் நச்சுக்கொடியில் தங்கியுள்ள குருதியின் ஒரு பகுதி குழந்தையைச் சென்றடைகின்றது. செலவில்லாத, தொற்று அபாயம் இல்லாத குருதியேற்றம் என்று இதனைக் கூறலாம்.

குருதி ஏற்றுவது ஒரு காலத்தில் சத்து மருந்து கொடுப்பதைப் போன்று கருதப்பட்டது. அதன் விளைவு எத்துணை கொடியது என்பதற்கு ருமேனியா நாட்டின் அனுபவம் சாட்சி பகர்கின்றது. அங்கு நிக்கொலாய் சௌசெஸ்கு ஆட்சிக் காலத்தில் கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் கடுந்தடைகள் விதிக்கப்பட்டிருந்தன. வளர்க்க வழியின்றிக் கைவிடப்பட்ட குழந்தைகளால் அரச இல்லங்கள் நிரம்பின. நிறை குறைந்த அக்குழந்தைகளைத் தேற்றுவதற்கெனச் சிறு சிறு அளவில் குருதி ஏற்றும் வழக்கம் அங்கிருந்தது. அக்குருதி எச்.ஐ.வி. கிருமிக்காகப் பரிசோதிக்கப்படவில்லை. ஊசிகளும் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. 1989 டிசம்பரில் அவ்வாட்சி வீழ்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. 1990ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்நாட்டில் ஆயிரத்துக்கும் அதிகமான சிறுவர்களுக்கு எயிட்ஸ் நோய் இருப்பது பதிவாகியிருந்தது. நாட்டில் பதிவான நோயாளர்களுள் மிகப் பெரும்பாலானோர் சிறுவர்களாகவே இருந்தனர். தேவையில்லாத குருதியை, பரிசோதிக்கப்படாத நிலையில், பேச முடியாத குழந்தைகளுக்கு ஏற்றியதன் பலன் அது.

அது தொலைதேசத்துக் கதை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பாக்கு நீரிணைக்கு அப்பால், எம்மவர் பலருக்கு உறவும் போக்குவரத்தும் உள்ள தமிழ்நாட்டில், 2018ஆம் ஆண்டில் நடந்ததை நினைவுகூர்வோம். விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர் அரச மருத்துவமனையில் நிறைமாதத்தை நெருங்கிக் கொண்டிருந்த ஒரு கர்ப்பிணித் தாய்க்கு, குருதிச்சோகை காரணமாக அவ்வாண்டு டிசம்பர் மாத ஆரம்பத்தில் குருதி ஏற்றப்பட்டது. அக்குருதி சிவகாசி அரச மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதனை வழங்கிய இளைஞர், பின்னர் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையின்போது தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிந்து, தாமாகவே முன்வந்து மருத்துவமனைக்குத் தகவல் கொடுத்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவர் 2016ஆம் ஆண்டிலும் குருதி வழங்கியிருந்தார். அப்போதே தொற்று கண்டறியப்பட்டிருந்தும் அச்செய்தி அவரை வந்தடையவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. அவ்விளைஞர் நஞ்சருந்தி அம்மாத இறுதியில் உயிர்நீத்தார். இரத்த வங்கி ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அத்தாய் 2019 ஜனவரியில் மதுரை அரச இராஜாஜி மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தையை ஈன்றார். உரிய மருந்துகள் உரிய வேளையில் கொடுக்கப்பட்டதனால் அக்குழந்தை தொற்றிலிருந்து தப்பியது. தாயின் நிலை அவ்வாறு அமையவில்லை. அவருக்கு 25 இலட்சம் இந்திய ரூபா இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே ஆண்டில் உத்தரவிட்டது.

இச்சம்பவத்தை நாம் விரிவாக எடுத்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. அங்கு பரிசோதனைக் கருவிகள் இல்லாமல் இல்லை, சட்டம் இல்லாமலும் இல்லை. ஒரு பரிசோதனை முடிவு ஒரு மனிதரைச் சென்றடையவில்லை. ஒரு பையின் மீது ஒட்டப்பட்ட 'பாதுகாப்பானது' என்ற அடையாளம் உண்மையாக இருக்கவில்லை. தன்னிடம் நோய் உண்டென்று அறிந்தவுடன் ஓடோடி வந்து சொன்ன அந்த இளைஞரின் நேர்மையும், அவருக்கு நேர்ந்த முடிவும் எம் மனத்தை இன்றும் உறுத்துகின்றன.

எமது நாட்டின் நிலை இவ்விடயத்தில் பெருமைப்படத்தக்கது என்பதையும் சொல்லியாக வேண்டும். கொழும்பு நாரஹேன்பிட்டியைத் தலைமையகமாகக் கொண்டு இயங்கும் தேசிய குருதிமாற்றுச் சேவை, 2014ஆம் ஆண்டு முதல் முற்றுமுழுதாகத் தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்தே குருதியைப் பெற்று வருகின்றது. பணத்துக்குக் குருதி விற்பவரோ, நோயாளியின் உறவினர் என்பதற்காக நிர்ப்பந்தத்தின் பேரில் கொடுப்பவரோ இம்முறையில் இல்லை. இதன் முக்கியத்துவத்தைச் சாத்தூர் சம்பவத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கு அவ்விளைஞர் குருதி வழங்கியது ஓர் உறவினருக்காகவே. 'மறுக்க முடியாது' என்ற நிலையில் குருதி கொடுக்க வருபவர், தமது வாழ்க்கை முறை குறித்துக் கேட்கப்படும் வினாக்களுக்கு உண்மையைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது கடினம். தானாக விரும்பி வருபவருக்கு மறைக்க வேண்டிய தேவை குறைவு. வழங்கப்படும் ஒவ்வொரு பை குருதியும் எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பீ, ஈரல் அழற்சி சீ, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்காக இங்கு பரிசோதிக்கப்படுகின்றது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றிதழை இலங்கை பெற்றதும் எமது கர்ப்பவதிகள் கிளினிக்குகளினதும் குடும்பநல உத்தியோகத்தர்களினதும் உழைப்பினாலேயே ஆகும்.

ஆனால், நல்ல பெயர் இருக்கின்றது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. 2023ஆம் ஆண்டில் தரமற்ற இமியூனோகுளோபியூலின் மருந்து அரச வைத்தியசாலைகளுக்கு விநியோகிக்கப்பட்டமை வெளிப்பட்டு நாட்டையே உலுக்கியது. அதன் தொடர்ச்சியாக முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். இமியூனோகுளோபியூலின் மனிதக் குருதியின் திரவப் பகுதியிலிருந்து தயாரிக்கப்படும் பொருளாகும். கொடையாளரின் கையிலிருந்து வந்த தூய்மை, கொள்வனவு மேசையில் கெட்டுப்போகலாம் என்பதை அச்சம்பவம் காட்டியது.

இனி, குருதிப் பை விடுதிக்கு வந்து சேர்ந்த பின்னர் நடப்பவற்றைக் கவனிப்போம். எமது அபிப்பிராயத்தில் அதிகம் பேசப்படாத இடம் இதுவே. இரத்த வங்கி எவ்வளவு கவனமாக இருந்தாலும், சரியான பை பிழையான குழந்தைக்கு ஏற்றப்பட்டால் எல்லாம் வீணாகும். குருதி வகை பொருந்தாத ஏற்றம் உயிருக்கே உலை வைக்கும். வளர்ந்த நோயாளியிடம் 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்கலாம். சிசுவிடம் எதைக் கேட்பது? பிறந்து சில மணித்தியாலங்களேயான குழந்தைக்குப் பெயர்கூட இல்லை. 'இன்னாருடைய குழந்தை' என்று தாயின் பெயராலேயே அது அறியப்படுகின்றது. இங்குதான் எமது சமூகங்களுக்கே உரிய ஒரு சிக்கல் எழுகின்றது. முஸ்லிம் தாய்மாருள் பலருடைய பெயர் பாத்திமா என்றே ஆரம்பமாகின்றது. ஒரே விடுதியில் ஒரே நாளில் மூன்று பாத்திமாக்கள் இருப்பது சர்வசாதாரணம். தமிழ்த் தாய்மாரின் பெயர்களோ தந்தை பெயரோடும் கணவன் பெயரோடும் மாறி மாறி எழுதப்படுகின்றன. ஆங்கில எழுத்துக்களில் எழுதும்போது ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதுகின்றனர். இரட்டைப் பிள்ளைகளாயின் சொல்லவே வேண்டியதில்லை. அதனால் பெயரை மட்டும் நம்பாமல் வைத்தியசாலை அனுமதி இலக்கத்தையும் ஒப்பிட வேண்டும் என்பது விதி. குழந்தையின் கை அல்லது காலில் கட்டப்பட்டுள்ள அடையாளப் பட்டியில் உள்ள இலக்கம், குருதிப் பையில் உள்ள இலக்கம், இரத்த வங்கிப் பத்திரத்தில் உள்ள இலக்கம் ஆகிய மூன்றையும் இரு உத்தியோகத்தர்கள் குழந்தையின் அருகிலேயே நின்று வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்க வேண்டும். மேசையில் வைத்துச் சரிபார்ப்பது போதாது. கட்டில் இலக்கத்தை நம்புவது கூடவே கூடாது, ஏனெனில் கட்டில்கள் இடம் மாறும். காலில் உள்ள பட்டி வீக்கத்தினாலோ கனூலா ஏற்றுவதற்காகவோ கழற்றப்பட்டிருந்தால் அது மீண்டும் கட்டப்பட்டதா என்று தாய் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கடமையிலிருக்கும் தாதி அதனைக் குறையாகக் கொள்ள மாட்டார்.

பொருந்து பரிசோதனைக்குக் குழந்தையின் குருதியோடு தாயின் குருதியையும் கேட்பார்கள். 'பிள்ளைக்குத்தானே வருத்தம், தாயிடம் ஏன் எடுக்கிறார்கள்?' என்று உறவினர்கள் ஐயுறுவதுண்டு. பிறந்த முதல் நான்கு மாதங்களில் குழந்தையின் குருதியில் உள்ள எதிர்ப்புப் பொருட்கள் பெரும்பாலும் தாயிடமிருந்து வந்தவையே. ஆகவே ஏற்றப்படும் குருதி தாய், சேய் இருவருக்கும் பொருந்தியாக வேண்டும். அதேபோன்று, ஒரு கொடையாளரின் குருதியைச் சிறிய பைகளாகப் பகிர்ந்து வைத்து, ஒரே குழந்தைக்குத் தேவைப்படும் போதெல்லாம் அதே கொடையாளரின் குருதியையே கொடுப்பது சிறந்த முறையாகும். நான்கு தடவை ஏற்றினால் நான்கு அந்நியரின் குருதி என்ற நிலை அதனால் தவிர்க்கப்படுகின்றது. தந்தையோ மாமனோ 'எங்கட இரத்தத்தையே எடுங்கோ' என்று வற்புறுத்துவது பாசத்தின் வெளிப்பாடுதான். ஆனால் நெருங்கிய இரத்த உறவினரின் குருதியில் உள்ள வெண்கலங்கள் சிசுவின் உடலில் நிலைகொண்டு அதனையே தாக்கும் அரிய, ஆனால் கொடிய ஆபத்து இருப்பதனால், வைத்தியர்கள் அதனை விரும்புவதில்லை.

பை குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட அரை மணித்தியாலத்துக்குள் ஏற்றல் ஆரம்பமாக வேண்டும். நான்கு மணித்தியாலங்களுக்குள் முடிவடைய வேண்டும். சிசுவுக்குக் கொடுக்கப்படும் அளவு, நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 15 முதல் 20 மில்லிலீற்றர் வரையானதே. அதனை வேகமாகச் செலுத்தினால் அந்தச் சிறு இருதயம் தாங்காது. குருதியை வெந்நீரில் வைத்தோ வெயிலில் வைத்தோ சூடாக்குதல் செங்கலங்களைச் சிதைத்துவிடும். அதே குழாயில் மருந்தையோ குளுக்கோசையோ சேர்த்தலும் ஆகாது. முதல் பதினைந்து நிமிடங்கள் தாதி குழந்தையின் அருகை விட்டு நீங்கலாகாது. பெரியவர் ஒருவர் 'குளிர்கிறது, நாரி நோகிறது' என்று சொல்லிவிடுவார். சிசுவோ நிறம் மாறும், மூச்சு விரைவாகும், உடல் சுடும், அழுகை மெலியும், சிறுநீர் கறுக்கும். இவற்றைக் கண்டவுடன் ஏற்றலை நிறுத்துவதற்குத் தாதி எவருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முப்பது குழந்தைகளுக்கு இரண்டு தாதியர் என்ற நிலையில் பதினைந்து நிமிடம் ஒரு தொட்டிலருகே நிற்பது எங்ஙனம்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டை விட்டுச் சென்றனர். தாதியர் குறைவதை வெறும் ஆளணிப் பிரச்சினையாக மட்டும் அதிகாரிகள் நோக்குவார்களாயின் அது பெருந்தவறாகும்.

தாதி ஒருவரின் கண் எத்தகைய மாற்றத்தை ஏற்படுத்தும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஓர் அழகிய உதாரணம் உண்டு. 1950களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள றொச்ஃபோர்ட் வைத்தியசாலையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் தாதி ஜீன் வார்ட். வெயில் நல்ல நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டு சென்று காற்று வாங்கச் செய்வது அவரது வழக்கம். ஒருநாள் வைத்தியர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். அதன் உடல் முழுவதும் செங்கமாரியின் மஞ்சள் வெளிறியிருக்க, துணியின் நுனி மூடியிருந்த ஓரிடம் மாத்திரம் ஆழ்ந்த மஞ்சளாகவே இருந்தது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் மறைந்திருந்தது. அக்காலத்தில் கடும் செங்கமாரிக்கு இருந்த ஒரே பெரும் வழி, குழந்தையின் குருதி முழுவதையும் மாற்றுவதாகும். வார்ட் கண்டதைத் தொடர்ந்து வைத்தியர் றிச்சர்ட் கிறீமரும் அவரது சகாக்களும் ஆராய்ந்து 1958ஆம் ஆண்டில் தமது முடிவை வெளியிட்டனர். இன்று எமது வைத்தியசாலைகளில் நீல ஒளியின் கீழ் கண் கட்டிக் கிடத்தப்படும் குழந்தைகள் யாவரும் அந்தத் தாதிக்குக் கடன்பட்டவர்கள். எத்தனையோ ஆயிரம் குருதி மாற்றீடுகள் அவரால் தவிர்க்கப்பட்டன. (இதனை வாசித்துவிட்டுச் செங்கமாரி கண்ட குழந்தையை வீட்டு முற்றத்து வெயிலில் கிடத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். வைத்தியசாலை ஒளிச் சிகிச்சைக்கு அது ஈடாகாது.)

குருதி மாற்றீடு இன்றும் சில குழந்தைகளுக்கு அவசியமாகின்றது. தொப்புள் நாளத்தினூடாகச் சிறிது சிறிதாகக் குழந்தையின் குருதியை வெளியே எடுத்து, அதேயளவு புதிய குருதியை உள்ளே செலுத்துவர். குழந்தையின் மொத்தக் குருதியின் இரு மடங்கு அளவு இவ்வாறு மாற்றப்படும். எடுத்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் தாதி கணக்கெழுதுவார். ஒன்றிரண்டு மணித்தியாலங்கள் நீளும் அக்கணக்கில் பிழை வந்தால் குழந்தையின் உடலில் குருதி கூடும் அல்லது குறையும். இதற்குப் பயன்படும் குருதி ஐந்து நாட்களுக்கு மேற்படாத புதிய குருதியாக இருத்தல் வேண்டும். பழகிய குருதியில் பொற்றாசியம் கசிந்து சேர்ந்திருக்கும், அது சிசுவின் இருதயத்தை நிறுத்திவிடக்கூடும்.

இந்நிலை வராமல் தடுப்பது பெரும்பாலும் தாயின் கையிலேயே உண்டு. றீசஸ் எதிர்வகைக் குருதியுள்ள தாய் வயிற்றில் நேர்வகைக் குழந்தை வளரும்போது, தாயின் உடல் அக்குருதிக்கு எதிரான பொருட்களை உண்டாக்கும். முதற்பிள்ளை பெரும்பாலும் தப்பும். அடுத்த பிள்ளையின் குருதி கருவிலேயே சிதைவுறும். எமது நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் எதிர்வகையினர். பிரசவத்துக்குப் பின்னர் 72 மணித்தியாலத்துக்குள் ஏற்றப்படும் அன்டி-டீ என்ற ஒரே ஊசி அந்தப் பேரிடரைத் தடுக்கும். கருச்சிதைவுக்குப் பின்னரும் அது தேவை. வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக் கருச்சிதைவை மறைக்கும் பெண்கள் அந்த ஊசியை இழந்துவிடுகின்றனர். அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹரிசன் என்பார் இம்மருந்துக்கான குருதித் திரவத்தை ஆயிரத்து நூறு தடவைக்கு மேல் வழங்கி, 2025 பெப்ரவரியில் காலமானார். எத்தனையோ இலட்சம் குழந்தைகள் உயிர்வாழ அவரது கை காரணமாக இருந்தது.

வீட்டு நடைமுறைகளிலும் கவனம் வேண்டும். தமிழர் துடக்குக் காலத்தையும் முஸ்லிம்கள் நாற்பது நாட்களையும் அனுஷ்டிக்கும் வீடுகளில் தாயும் சேயும் வெளிச்சம் குன்றிய அறையிலேயே இருப்பது வழமை. வழமையைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆனால் இருண்ட அறையில் மஞ்சள் நிறம் தெரியாது, எமது நிறத்தில் சொல்லவே வேண்டாம். பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியையும் மூக்கையும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பார்த்தால் அடியிலுள்ள மஞ்சள் புலப்படும். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தோன்றினாலும், உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் காலை வரை காத்திருக்கலாகாது. மூத்த பிள்ளையின் உடுப்புக்களை அலுமாரியில் அந்துருண்டை இட்டுப் பேணி வைத்து, தோய்க்காமல் இளைய பிள்ளைக்கு அணிவிக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பிறவியிலேயே ஜீ6பீடீ நொதியக் குறைபாடுள்ள குழந்தைகளின் செங்கலங்களை அந்த உருண்டையின் வாசனையே சிதைத்துவிடும். மலேரியா நீண்ட காலம் நிலவிய எமது வலயத்தில் இக்குறைபாடு அரிதன்று.

மத நம்பிக்கை சார்ந்த ஐயங்களையும் தொட்டுச் செல்ல வேண்டும். ஒரே தாயிடம் பால் அருந்தியவர்கள் உடன்பிறந்தோர் ஆகின்றனர், அவர்களுக்கிடையே திருமணம் கூடாது என்பது இஸ்லாமிய ஷரீஅத். குருதி ஏற்றினாலும் அவ்வாறே ஆகிவிடுமோ என்று சில முஸ்லிம் பெற்றோர் அஞ்சுகின்றனர். குருதியால் மஹ்ரம் உறவு ஏற்படாது, அது பாலூட்டலுக்கு மட்டுமே உரியது என்பது மார்க்க அறிஞர்களின் முடிவாகும். மக்காவில் 1989இல் கூடிய இஸ்லாமிய பிக்ஹ் சபையும் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளது. கொடையாளர் எந்த மதத்தவர் என்பதும் பொருட்டன்று. தமிழர்களிடையே ஒரு காலத்தில் நிலவிய சாதி சார்ந்த தயக்கம் குறித்துப் பேசவும் நாம் கூசுகின்றோம். குருதிப் பையில் வகையும் இலக்கமும் உண்டே தவிரக் குலம் எழுதப்படுவதில்லை.

குருதி எவ்வளவு கொடுத்தால் நல்லது என்பதிலும் அண்மைய ஆய்வுகள் பழைய எண்ணங்களை மாற்றியுள்ளன. 2020ஆம் ஆண்டில் வெளியான இரு பெரும் ஆய்வுகள், நிறை மிகக் குறைந்த குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் அளவு சற்றுத் தாழ்ந்ததும் விரைந்து குருதி ஏற்றுவதால் உயிர்பிழைப்பதிலோ மூளை வளர்ச்சியிலோ மேலதிக நன்மை இல்லை எனக் காட்டின. குருதிச் சிறுதட்டுக்களை அதிகம் ஏற்றுவது தீங்காகவே முடியலாம் என 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு கண்டது. எனவே 'இன்னும் ஏன் இரத்தம் ஏத்தவில்லை' என்று வைத்தியருடன் மல்லுக்கு நிற்கும் உறவினர், அவர் காரணத்தோடுதான் பொறுத்திருக்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மீண்டும் தீவகத்துக்கு வருவோம். 1991ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின்னர் புங்குடுதீவின் பல வட்டாரங்கள் இன்றளவும் நிரம்பவில்லை. வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சனத்தொகை குறைந்த இடத்துக்கு வசதி எதற்கு என்ற வாதம் அதிகாரிகளிடம் எளிதில் எழும். எல்லாச் சிறிய வைத்தியசாலையிலும் குருதியைச் சேமித்து வைப்பது நடைமுறைக்கு உகந்ததன்று என்பதை நாமும் ஏற்கின்றோம். குருதி கெடக்கூடிய பொருள். சிறுதட்டுக்களின் ஆயுள் ஐந்தே நாட்கள். செங்கலங்கள் சில வாரங்களே தாங்கும். அப்படியாயின் குருதி தீவுக்கு வர முடியாது, தாய்தான் குருதி இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும், அதுவும் குழந்தை பிறப்பதற்கு முன்னரே செல்ல வேண்டும். வயிற்றிலிருக்கும் குழந்தையைக் கொண்டு செல்வதற்குத் தாயின் உடலைக் காட்டிலும் சிறந்த வாகனம் இல்லை. முன்னைய பிரசவத்தில் குருதிப்பெருக்கு ஏற்பட்டவர், றீசஸ் எதிர்வகையினர், இரட்டைக் கரு தாங்கியோர், குருதிச்சோகை உள்ளோர் ஆகியோர் நாள் நெருங்கும் முன்னரே யாழ். நகரில் உறவினர் வீட்டில் தங்குவது நன்று. உறவினர் இல்லாத நெடுந்தீவுத் தாய் எங்கே தங்குவார்? வைத்தியசாலைக்கு அண்மையில் தீவகக் கர்ப்பிணிகளுக்கென ஒரு தங்குமிடத்தை மாகாண சுகாதார அமைச்சும் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் இணைந்து அமைக்க முடியும். கோயிற் கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வரும் பணத்தில் சிறு பங்கே அதற்குப் போதும்.

2018 ஜூலையில் வட மாகாணத்துக்கு விஸ்தரிக்கப்பட்ட 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை பெரிய ஆறுதல். ஆனால் அது கடலைக் கடக்காது. பிறந்த சிசுவை மாற்றும்போது குளிர் தாக்காமல் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்துக் கொண்டு செல்வதே தகுந்த முறை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், சூடேற்றும் பெட்டிகள் போதாத நிலையில் இரு வைத்தியர்கள் கைக்கொண்ட கங்காரு முறை அது. படகிலும் அது சாத்தியமே. பிறந்தவுடன் விற்றமின் கே ஊசி போடப்பட்டதா என்பதையும், தாயின் குருதி வகை எழுதிய கர்ப்பகாலப் பதிவேட்டையும் கையோடு கொண்டு செல்ல மறவாதிருங்கள். அப்பதிவேட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்து, பின்னர் தொலைபேசியில் அயலவரிடம் அலுமாரியைத் திறக்கச் சொல்லும் காட்சி எமக்குப் பழக்கமானதே.

குருதி வழங்குவோருக்கும் ஒரு வார்த்தை. 18 முதல் 60 வயது வரையான, 50 கிலோகிராமுக்குக் குறையாத நிறையுள்ள, சுகதேகிகள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வழங்கலாம். வெசாக், திருவிழாக் காலங்களில் முகாம்கள் நிரம்பி வழிகின்றன. றமழான் மாதத்தில் பகல் வேளையில் கொடையாளர் குறைவது இயல்பு. நோன்பு திறந்த பின்னர் பள்ளிவாசல் வளாகங்களில் மாலை முகாம்களை ஒழுங்கு செய்தால் அக்குறை தீரும். நயினாதீவிலும் மண்கும்பானிலும் பள்ளிவாசலும் கோயிலும் அருகருகே உள்ளன. வினாப் பத்திரத்தில் கேட்கப்படும் வினாக்களுக்கு உண்மையான பதிலை எழுதுங்கள். எழுதக் கூச்சமாயின் அன்று குருதி கொடுக்காமல் எழுந்து செல்லுங்கள், எவரும் காரணம் கேட்க மாட்டார்கள். சிறிய பையில் பகிரப்படும் அந்தக் குருதியின் ஒரு பங்கு, இன்னும் பெயர் வைக்கப்படாத ஒரு குழந்தைக்குச் செல்லக்கூடும்.